புதுச் செயின் போட்ட பிறகு ஏற்றத்தில் ஏன் தாவுகிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு வேலைக்குப் போய்வரும் தம்பி ஒருவர், பின்னால் 8 பல்சக்கரம் உள்ள கியர் சைக்கிளை 14 மாதங்களாக ஓட்டி வருகிறார். கைப்பேசிக் கணக்குப்படி 8,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வாங்கியபோது இருந்த செயின் கரகரவென்று சத்தம் போட்டதால் போன வாரம் ஒரு கடையில் புதுச் செயின் மாட்டியிருக்கிறார். அதுவரை ஒருநாளும் தாவாத சைக்கிள், புதுச் செயின் ஏறிய மறுநாளிலிருந்து சுங்கான்கடைப் பக்கத்து ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால், சில பல்சக்கரங்களில் மட்டும், 'டக்' என்று தாவுகிறதாம். திரும்பக் கடைக்குப் போனால், பின்னால் உள்ள பல்சக்கர அடுக்கான கேசட்டையும், முன்னால் பெடலோடு சுற்றும் பெரிய பல்சக்கரமான செயின்வீலையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்கிறார்களாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்துவிட்டு எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்களே, இது உண்மைதானா, இனிமேல் எதை எப்போது மாற்ற வேண்டும் என்பதை நானே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. கேசட் போய்விட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. செயின்வீலைப் பார்க்காமலே மாற்றச் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஆனால் புதுச் செயின் எதையும் கெடுக்கவில்லை. கெட்டது பல மாதங்களுக்கு முன்பே கெட்டுவிட்டது. பழைய செயின் அதை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இது ஏன் என்று புரிந்துவிட்டால் மற்றவை தாமே விளங்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சைக்கிள் செயினில் தகடுகளைக் கோக்கும் ஒரு பின்னின் (சிறு ஆணியின்) நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் மான்செஸ்டரில் ரோலர் செயினுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு சைக்கிளில் எத்தனையோ மாறிவிட்டன. இந்த அரை அங்குலம் மட்டும் நம் அப்பாக்களின் கருப்புச் சைக்கிளுக்கும் இன்றைய 12 கியர் சைக்கிளுக்கும் ஒன்றாகவே இருக்கிறது. இந்த அரை அங்குலத்தை ஒரு கண்ணி என்று இங்கே கொள்வோம். செயின் 'நீண்டுவிட்டது' என்று நாம் சொல்வது வழக்கம், ஆனால் எந்தத் தகடும் ரப்பரைப் போல் இழுபடுவதில்லை. பல்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு கண்ணியும் மடங்கி நிமிர்கிறது. அப்படி மடங்கும் ஒவ்வொரு முறையும் பின்னும், அதைச் சுற்றியிருக்கும் உள்தகட்டின் விளிம்பும் ஒன்றையொன்று உராய்கின்றன. நடுவில் மண்ணும் எண்ணெயும் கலந்த குழம்பு இருந்தால் அது அரத்தின் வேலையைச் செய்கிறது. ஒரு மூட்டில் தேய்வது ஒரு தலைமுடியின் கனம்தான். ஆனால் 116 கண்ணிகள் கொண்ட ஒரு செயினில் அந்தத் தலைமுடிகளை வரிசையாக அடுக்கினால் 7 மில்லிமீட்டருக்கு மேல் வந்துவிடும்.

குழித்துறையில் என் மாமா வைத்திருந்த சைக்கிள் கடையில்தான், பள்ளி விடுமுறைகளில் எடுபிடியாக நின்று, இதை முதலில் பார்த்தேன். கடைச் சுவரில் ஒரே உயரத்தில் இரண்டு ஆணிகள் அடித்திருப்பார். ஒன்றில் பிரிக்காத புதுச் செயின் எப்போதும் தொங்கும். மற்றதில் பழுதுக்கு வந்த சைக்கிளின் செயினைத் தொங்கவிட்டு, நூறு கண்ணி எண்ணி இரண்டையும் ஒப்பிடுவார். ஒருமுறை வந்த செயினில் பழையதன் 99ஆவது கண்ணியும் புதியதன் 100ஆவது கண்ணியும் ஒரே மட்டத்தில் நின்றன. "மக்கா, இது நீளல, உள்ளுக்குள்ள தேஞ்சு போச்சு, கேட்டியா?" என்று ஒரு கண்ணியை விரலால் அசைத்துக் காட்டினார். நூற்றுக்கு ஒன்று என்ற அந்த ஒரு சதவீதத் தேய்மானம் எவ்வளவு என்பதை அதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் எனக்குக் காட்டியதில்லை.

இப்போது பல்சக்கரத்துக்கு வருவோம். புதுச் செயின் புதுப் பல்சக்கரத்தில் ஓடும்போது, சுற்றியிருக்கும் பற்களில் பலவும் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. செயின் நீண்டதும், பின்களைச் சுற்றி உருளும் அதன் ரோலர்கள் பல்லடியில் உட்காராமல் பல்லின் சரிவில் சற்று மேலேறி நிற்கும். சுமை முழுவதும் ஒன்றிரண்டு பற்களின் மேல் விழும். அந்தப் பற்கள் ஒரு பக்கமாகக் குழிந்து, நாளடைவில் சுறாவின் முதுகுத் துடுப்பைப் போல் வளைந்து கூராகிவிடும். இப்படிச் செயினும் பல்லும் ஒன்றுக்கொன்று ஏற்பத் தேய்ந்துகொண்டே போவதால், ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. வீட்டில் பல வருடம் அரைத்துக் குழிந்த அம்மியையும் அதன் குழவியையும் நினைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து தேய்ந்தவை என்பதால் மசால் நன்றாகவே அரைபடும். குழவியை மட்டும் புதிதாக வாங்கி அதே அம்மியில் போட்டால் அது குழியில் பொருந்தாது, மேலே உருளும். உங்கள் புதுச் செயினும் அப்படித்தான். அதன் கண்ணி சரியாக 12.7 மில்லிமீட்டர், பல்லின் குழியோ நீண்ட செயினுக்கு ஏற்றபடி தேய்ந்து கிடக்கிறது. ரோலர் அடியில் போய் உட்காராமல் வளைந்த நுனியில் தொற்றி நிற்கிறது, நீங்கள் எழுந்து நின்று மிதித்ததும் வழுக்கி அடுத்த பல்லுக்குத் தாவுகிறது.

ஆகவே வரிசை இதுதான்: செயின் மலிவு, கேசட் அதைப் போல் பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கு விலை, செயின்வீலோடு கூடிய கிராங்க் (பெடலைத் தாங்கும் கைகள்) அதற்கும் மேல். மலிவானதை நேரத்தோடு மாற்றினால் விலை கூடியவை பிழைக்கும். நேரத்தோடு மாற்றிய செயின்கள் இரண்டு மூன்றைக் கூட ஒரே கேசட் தாங்கும். ஒரே செயினை 8,000 கிலோமீட்டர் ஓட்டினால் அது கேசட்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

அப்படியானால் எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்று கேட்பீர்கள். அந்தக் கணக்கை நான் நம்புவதில்லை. கியர் சைக்கிளின் செயின் 2,000 கிலோமீட்டரிலும் முடிந்திருக்கிறது, 5,000 தாண்டியும் ஓடியிருக்கிறது. நம் மாவட்டத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதல். ஜூன் தொடங்கினால் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்து அக்டோபரில் வடகிழக்கு. வருடத்தில் ஏழு மாதத்துக்குச் சாலை எந்த நாளும் நனைந்திருக்கலாம். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டுகிறவருக்குச் செம்மண் சேறு. முட்டம், குளச்சல் பக்கம் ஓட்டுகிறவருக்கு உப்புக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் காற்றை எதிர்த்து ஓட்டுகிறவர், சமதளத்தில் போனாலும் மலையேறுகிறவரைப் போல் செயினை இழுக்க வேண்டியிருக்கும். இவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கிலோமீட்டர் எண் சொல்வதில் பொருள் இல்லை.

கடற்கரை மணலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணல் சாதாரண மணல் அல்ல. அதில் இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் போன்ற கனிமங்கள் கலந்திருப்பதால்தான் அரசு நிறுவனமே அங்கே மணலைப் பிரித்தெடுக்கிறது. இவற்றில் கார்னெட் என்பது உப்புத்தாளிலும், நீரைப் பாய்ச்சி உலோகம் வெட்டும் இயந்திரங்களிலும் பயன்படும் பொருள். அதை நாம் எண்ணெய் வழியும் செயினில் ஒட்ட வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். அந்தச் சாலையில் ஒரு மாலை ஓட்டிவிட்டு வந்து செயினை வெள்ளைத் துணியால் பிடித்துத் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கறைக்கு நடுவே கறுப்பும் செம்பழுப்புமாகப் பொடி மின்னும். அன்றே துடைத்தால் அது வெளியேதான் இருக்கும். இரண்டு நாள் கழித்துத் துடைத்தால் பாதி ரோலருக்குள் போயிருக்கும்.

எனவே கிலோமீட்டரை எண்ணாமல் செயினை அளக்க வேண்டும். கடையில் செயின் கேஜ் என்று ஒரு தகடு கிடைக்கிறது. அதன் கொக்கியைச் செயினில் மாட்டி, மறுமுனை கண்ணிக்குள் விழுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. 0.5 (சதவீதம்) என்ற பக்கம் விழவில்லையென்றால் கவலை இல்லை. பின்னால் 11, 12 பல்சக்கரம் உள்ள கியர் சைக்கிளில் 0.5 விழுந்தவுடன் மாற்றிவிட வேண்டும். உங்களுடையதைப் போன்ற 8 கியரிலும், 9, 10 கியரிலும் 0.75 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். பின்னால் ஒரே பல்சக்கரம் உள்ள சாதாரணச் சைக்கிளுக்கு 1 சதவீதம் வரை பொறுக்கலாம். இந்தத் தகடுகளில் பல, ரோலரின் ஆட்டத்தையும் சேர்த்து அளப்பதால் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். கொஞ்சம் முன்கூட்டியே மாற்றுவதால் பெரிய நட்டம் இல்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கேஜ் இல்லையென்றாலும் குறை இல்லை, இரும்பு ஸ்கேல் போதும். செயினை நன்றாகத் துடைத்துவிட்டு, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை லேசாக அழுத்தினால் மேல்பக்கச் செயின் விறைத்து நிற்கும். ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்து 24 கண்ணி எண்ணுங்கள். புதுச் செயினானால் 24ஆவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 12ஐத் தாண்டி 1/16 அங்குலம், பழைய தச்சர் கணக்கில் சொன்னால் ஒரு மாகாணி, போயிருந்தால் தேய்மானம் அரைச் சதவீதம் ஆகிவிட்டது. செயின் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அரைக்கால் அங்குலம், அதாவது 1/8 போயிருந்தால் ஒரு சதவீதம்; கேசட்டும் சேர்ந்து போயிருக்க வாய்ப்பு மிக அதிகம். இதில் ஒரு சிறு சிக்கல் உண்டு. பிள்ளைகளின் பெட்டியில் இருக்கும் ஸ்கேல் 12 அங்குலத்தோடு முடிந்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு தாண்டியது என்று அதில் பார்க்க முடியாது. அப்போது 10 அங்குலத்தை, அதாவது 20 கண்ணியை அளங்கள். 254 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 256க்கு வந்துவிட்டால் உங்கள் 8 கியர் செயினின் காலம் முடிந்தது. தையல்காரர் டேப் வேண்டாம், அது தானே இழுபடும். தச்சர் டேப்பானால் முனையில் உள்ள கொக்கி ஆடும் என்பதால் 10 சென்டிமீட்டர்க் கோட்டிலிருந்து தொடங்குங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. மூன்று இடத்தில் அளந்து, அதிகம் காட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேசட்டுக்கு இப்படி எளிய அளவுகோல் இல்லை. கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் தவறாகப் போகும், ஏனென்றால் இன்றைய கேசட்டிலும் செயின்வீலிலும் சில பற்களைத் தயாரிக்கும்போதே குட்டையாகவும் சாய்வாகவும் வெட்டிவிடுகிறார்கள்; கியர் மாறும்போது செயின் ஏறி இறங்க அவைதான் படிக்கட்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் என்னுடைய சைக்கிளின் அந்தக் குட்டைப் பற்களைக் காட்டி, "எல்லாம் தேஞ்சு போச்சு சார், கிராங்கு செட்டோட மாத்தணும்" என்றார்கள். அந்தச் செயின்வீல் வாங்கி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவர்கள் ஏமாற்ற நினைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வெறும் கருப்புச் சைக்கிளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தேய்ந்த பல்லாகத்தான் தெரியும். வேறுபாடு இதுதான்: தேய்ந்த பற்கள் ஒன்றுபோல எல்லாமே ஒரே திசையில் குழிந்திருக்கும், வடிவமைத்த பற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒரு ஒழுங்கில் இருக்கும்.

கேசட்டுக்கு உண்மையான சோதனை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டதுதான்: புதுச் செயின் போட்டு, ஆளில்லாத ஒரு ஏற்றத்தில் ஒவ்வொரு கியராக மாற்றி அழுத்தி மிதிப்பது. எந்தப் பல்சக்கரத்தில் தாவுகிறதோ அது போய்விட்டது. பொதுவாக நடுவில் உள்ள, நாம் நாள்தோறும் பயன்படுத்தும் ஒன்றிரண்டும், பல் குறைந்த சிறியவையும் முதலில் போகும். பெரிய சக்கரங்கள் அப்படியே இருக்கும். ஆனால் சுமையில் தாவுவதெல்லாம் தேய்மானம் அல்ல என்பதால், கேசட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் வேறு நான்கு காரணங்களைத் தள்ளிவிடுங்கள்.

எல்லாப் பல்சக்கரத்திலும், மெதுவாக மிதித்தாலும், இரண்டு மூன்று மிதிக்கு ஒருமுறை ஒழுங்காகத் துள்ளினால் அது செயினில் ஒரு கண்ணி இறுகியிருப்பது; பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு, கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் டீரெய்லரின் சிறு சக்கரங்களைக் கடக்கும்போது எந்தக் கண்ணி நிமிராமல் வருகிறது என்று பார்த்தால் பிடித்துவிடலாம். புதுச் செயினைப் பின் குத்தி இணைத்திருந்தால் அந்த இணைப்பில்தான் பெரும்பாலும் இருக்கும். பக்கவாட்டில் லேசாக வளைத்து அசைத்தாலே சரியாகிவிடும். சங்கடத்தோடு அடுத்த கியருக்குப் போகப் பார்ப்பதுபோல் டிக்டிக் என்று சத்தம் வந்தால் அது கியர் கேபிளின் இழுவை சரியில்லாதது. கைப்பிடி அருகே உள்ள திருகைக் கால் சுற்று திருப்பினால் தீரும். சைக்கிள் ஒருமுறை வலப்பக்கமாக விழுந்திருந்தால் டீரெய்லரைத் தாங்கும் துண்டு வளைந்திருக்கலாம். பின்னால் நின்று பார்த்தால் டீரெய்லர் சக்கரத்துக்கு இணையாக இல்லாமல் உள்ளே சாய்ந்து தெரியும். நான்காவது காரணம் கொஞ்சம் ஆபத்தானது: செயின் பல்லின் மேல் அசையவே இல்லை, ஆனாலும் பெடல் திடீரென்று வெறுமையாக முன்னே ஓடுகிறது என்றால், அது பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ப்ரீவீலுக்குள்ளே பிடிக்க வேண்டிய நாக்குகள் பிடிக்காதது. நம் கடைகளில் கேசட்டையும் 'ப்ரீவீல்' என்றே சொல்வதால் இந்த இரண்டும் பேச்சில் குழம்பிவிடும். உங்கள் சைக்கிளில் சில பல்சக்கரங்களில் மட்டும், சுமை கூடும்போது மட்டும் தாவுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், இந்த நான்கும் அல்ல என்றே நினைக்கிறேன்.

செயின்வீலுக்கு வருகிறேன். பின்னால் 15 பல், முன்னால் 42 பல் என்றால், ஒரே தொலைவுக்குப் பின்பல் ஒவ்வொன்றும் முன்பல்லைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தடவை செயினைச் சந்திக்கிறது. அதனால் இரண்டு மூன்று கேசட் தேயும் வரையில் ஒரு செயின்வீல் தாங்குவதே வழக்கம். புதுச் செயின் இப்போது மாட்டியிருப்பதால் சோதிப்பது எளிது: செயின்வீலின் முன்விளிம்பில், மூன்று மணி திசையில், செயினை விரலால் முன்பக்கம் இழுத்துப் பாருங்கள். அது பல்லை விட்டு அரைப் பல் தெரியுமளவு விலகினால் தேய்ந்துவிட்டது. ஒட்டியே நின்றால் அதைத் தொடாதீர்கள். மழையில் ஏற்றம் ஏறும்போது முன்னால் உள்ள சிறிய பல்சக்கரம் செயினை விடாமல் மேலே சுருட்டிக்கொண்டு போனாலும் அது பல் வளைந்ததன் அடையாளம். அப்படி ஒன்றும் இல்லாமல் கிராங்க் செட்டையே மாற்றச் சொன்னால் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

டீரெய்லரில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் சக்கரங்களின் பல் நட்சத்திரம்போல் கூராகிவிட்டால் அவற்றை மட்டும் தனியாக வாங்கலாம். மேல் சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். பல டீரெய்லர்களில் அது வேண்டுமென்றே விட்ட இடைவெளி.

கிராங்கைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பார்ப்பதும் இதோடு சேர்ந்த வேலைதான். கிராங்கின் இரண்டு கையும் சேர்ந்து ஆடினால் நடுவில் உள்ள பிபி, அதாவது கிராங்க் சுற்றும் அச்சின் பேரிங், தேய்ந்தது. ஒரு கை மட்டும் ஆடினால் அதன் போல்ட் தளர்ந்திருக்கிறது. இரண்டாவதை அன்றே இறுக்கிவிட வேண்டும். தளர்ந்த கையோடு ஒரு வாரம் ஓட்டினால் அலுமினியத்தில் உள்ள சதுரத் துளை உருண்டையாகிவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

வீட்டில் அப்பாவின் கருப்புச் சைக்கிளும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதன் செயின் அகலமானது, ஒரே நேர்கோட்டில் ஓடுவது, கவர் இருந்தால் மண்ணும் படாது. எனவே மிக நீண்ட காலம் உழைக்கும். அதில் வேறொரு பழக்கம் தேய்மானத்தை மறைக்கிறது. செயின் தொய்ந்தால் பின்சக்கரத்தைக் காடியில் பின்னுக்குத் தள்ளுவோம். காடி முடிந்ததும் கடையில் இரண்டு கண்ணியை வெட்டி மறுபடி இறுக்கிக் கொடுப்பார்கள். அது தப்பு என்று சொல்ல வரவில்லை, நானே செய்திருக்கிறேன். ஆனால் வெட்டும் நிலைக்கு வந்த செயின் என்பது அளந்து பார்க்க வேண்டிய செயின். ஒரு சதவீதம் தாண்டியிருந்தால் வெட்டாமல் மாற்றுங்கள், ப்ரீவீலும் கொக்கியாக வளைந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அந்தச் சைக்கிளுக்கு இரண்டும் சேர்ந்தாலும் பெரிய செலவு இல்லை.

புதுச் செயின் மாட்டும்போது நடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். பழைய செயினோடு சேர்த்துப் பிடித்து, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டுவார்கள். பழையது ஒரு சதவீதம் நீண்டிருந்தால் 116 கண்ணிக்கு ஒரு கண்ணிக்கு மேலேயே வேறுபாடு வந்துவிடும். நீளத்தைப் பார்க்காமல் கண்ணியை எண்ணித்தான் வெட்ட வேண்டும். உங்களுக்கு எண்ணி வெட்டினார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் பலருக்கு என்னோடு உடன்பாடு இருக்காது. பைக் ஒர்க்‌ஷாப்பில் வடித்த கழிவு எஞ்சின் ஆயில் இலவசமாகக் கிடைக்கிறது என்று செயினில் ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். அதில் ஏற்கெனவே கரியும் இரும்புத் துகளும் மிதக்கின்றன. அது உயவாகச் செய்யும் நன்மையைவிட மண்ணைப் பிடித்து வைக்கும் தீமையே அதிகம். கிரீஸ் இன்னும் மோசம், அது வெளியே அப்பிக்கொள்ளும், பின்னுக்குள் போகாது. ஒவ்வொரு ரோலருக்கும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, பத்து நிமிடம் பெடலைச் சுற்றிவிட்டு, வெளியே உள்ளதை முழுவதும் துடைத்துவிட வேண்டும். வேலை செய்யும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மழையில் நனைந்தால் அன்றிரவே துடைத்துச் சொட்டு விடுங்கள். வெளித்தகட்டில் துரு ஏறியிருப்பதைப் பார்த்துப் பயந்து செயினை மாற்ற வேண்டியதில்லை. கடற்கரை ஊரில் அது ஒரே வாரத்தில் வரும். கண்ணிகள் தாராளமாக மடங்கி, அளவும் சரியாக இருந்தால் அது நல்ல செயின்தான்.

இனி உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பழைய செயின் இன்னும் கையில் இருந்தால் அதையே திரும்ப மாட்டிக்கொண்டு, புதியதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, பழையதும் கேசட்டும் இரண்டும் சேர்ந்து சாகும் வரை ஓட்டுவது. இதைக் கஞ்சத்தனம் என்று சிலர் சிரிப்பார்கள். 7, 8 கியர் சைக்கிளில் இது முறையான சிக்கனம்தான், பணம் கையில் இல்லாத மாதத்தில் நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்த நீண்ட செயின் உங்கள் செயின்வீலையும் அரைத்துக்கொண்டே இருக்கும், அது இன்னும் விலை கூடிய பொருள். நாள்தோறும் போக வர முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு நான் இரண்டாவது வழியையே சொல்வேன்: கேசட்டை மட்டும், இப்போது இருக்கும் அதே பல் எண்ணிக்கையில், மாற்றிவிடுங்கள். மாற்றும் வரை சுங்கான்கடையில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள். பின்னால் பேருந்து வரும்போது பெடல் வெறுமையாகப் போனால் விழுவது சாலையின் நடுப்பக்கமாக இருக்கலாம். உட்கார்ந்தபடி, தாவாத பெரிய பல்சக்கரத்தில் மெதுவாக ஏறிவிடுங்கள்.

புதுக் கேசட் போட்ட அன்று 24 கண்ணியை அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் எங்கேயாவது எழுதி வையுங்கள். பிறகு மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் உங்கள் சாலைக்கும் உங்கள் மிதிக்கும் ஒரு செயின் எவ்வளவு தாங்கும் என்பது இரண்டாவது செயினிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். பழைய செயினைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அதில் ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி, ஒரு முழ நீளப் பட்டை இரும்பின் முனையில் போல்ட் போட்டுப் பொருத்தினால், கேசட்டைக் கழற்றும்போது அது சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் கருவி ஆகிவிடும். கேசட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் பூட்டு வளையத்தைத் திருப்பும் சாவி ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டால் அடுத்த முறை கடைக்கே போக வேண்டியதில்லை.